கோரிக்கை மனு: பீல் கோட்டையின் விழுந்த சுவர்களைப் பதிவு செய்ய வேண்டுதல்

அனுப்புநர்:
பாரோ-இன்-ஃபர்னஸில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தினர்

பெறுநர்:
பாரம்பரியச் சின்னங்கள் பிரிவு அலுவலர் அவர்கள்,
பாரோ-இன்-ஃபர்னஸ், கம்ப்ரியா, இங்கிலாந்து

பொருள்: பீல் தீவுக் கடற்கரையில் கிடக்கும் கோட்டைச் சுவர்த் துண்டுகளை அளந்து பதிவு செய்யவும், அங்கே ஒரு தகவல் பலகை வைக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கோடையில் ரோவா தீவுக்குப் போய், அங்கிருந்து படகில் பீல் தீவுக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். சென்ற முறை கரையில் ஒரு பெரிய பாறைமேல் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். "அம்மா, இந்தப் பாறையில சுண்ணாம்பு இருக்கு" என்றான் மகன். குனிந்து பார்த்தேன். உருண்டை உருண்டையான கடற்கரைக் கற்களைச் சாந்தில் பதித்துக் கட்டிய சுவர் அது. ஒரு பக்கம் முழுக்கப் பாசி. நிமிர்ந்து மேட்டின் மேலிருக்கும் கோட்டையைப் பார்த்ததும்தான் அது எங்கிருந்து விழுந்தது என்று புரிந்தது. சோற்றை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டோம்.

இந்தக் கோட்டையைக் கட்டியது அரசர் அல்லர், ஃபர்னஸ் மடாலயத்துத் துறவிகள். 1322இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் படை வந்தபோது, பணம் கொடுத்துத்தான் மடத்தலைவர் நிலபுலன்களைக் காப்பாற்ற முடிந்தது. அதற்கு ஐந்தே ஆண்டுகளில், 1327இல், பீலில் அரண் எழுப்ப அரச அனுமதி கிடைத்தது. மடத்தின் துறைமுகத்துக்கும் சரக்குக்கும் அதுவே காவல். (கம்பளிக் கடத்தலுக்கும் வசதியாக இருந்தது என்று அந்தக் காலத்திலேயே புகார் உண்டு.) 1487 ஜூனில் லாம்பர்ட் சிம்னல் என்ற சிறுவனை இங்கிலாந்தின் மன்னன் என்று சொல்லிக் கூட்டிவந்த படை இறங்கியதும் இந்தத் தீவில்தான். பத்து நாள் சொச்சத்தில் ஸ்டோக் போரில் தோற்றார்கள். பையனை அரண்மனை அடுப்படி வேலைக்கு அனுப்பினார் அப்போதைய மன்னர் ஏழாம் ஹென்றி. கிட்டத்தட்ட என் மகன் வயதுதான் அவனுக்கு.

1537இல் மடாலயம் மூடப்பட்டது. நடுக்கோபுரமும் உள், வெளி மதில்களும் அகழிகளும் இன்றும் ஓரளவு நிற்கின்றன. கடலை ஒட்டிய பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறது. கடற்கரையில் பொறுக்கிய கல்லைக் கடலே திருப்பி வாங்கிக்கொள்கிறது. அதைத் தடுக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அலையை நிறுத்த யாராலும் ஆகாது.

கேட்பது சின்ன விஷயம். விழுந்து கிடக்கும் ஒவ்வொரு துண்டையும் படமெடுத்து, அளந்து, எந்தச் சுவரிலிருந்து வந்தது என்று வரைபடத்தில் குறித்து வையுங்கள். கரை விளிம்பையும் ஆண்டுக்கு ஒரு முறை அதே இடத்தில் நின்று அளக்கலாம். அப்புறம், படகுத்துறையிலிருந்து வருகிறவர்கள் கண்ணில் படும்படி ஒரு பலகை: இவை பாறைகள் அல்ல, கோட்டைச் சுவர்கள், ஏற வேண்டாம், மேட்டின் அடியில் உட்கார வேண்டாம் என்று. 1920இல் முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாகப் பாரோ மக்களுக்குக் கொடுக்கப்பட்ட தீவு இது என்பதையும் அதில் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

குளிர்காலப் புயல்களுக்கு முன் முதல் அளவீட்டையாவது முடித்துத் தருமாறு வேண்டுகிறோம். இம்மனுவின் ஆங்கிலப் படியும் நாங்கள் எடுத்த படங்களும் இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)