மனுவல் கியர் பழக்குவதாகப் பணம் வாங்கிப் பழக்காமல் விட்டது பற்றிய புகார்

முகாமையாளர் அவர்கட்கு,
சாரதிப் பயிற்சிப் பாடசாலை,
கிளிநொச்சி.

21.07.2025

ஐயா,

கடந்த பெப்ரவரி 10ஆம் திகதி, மனுவல் கியர் வாகனம் ஓட்டப் பழகுவதற்கென்று 40,000 ரூபாய் கட்டி உங்கள் பாடசாலையில் சேர்ந்தவள் நான். பற்றுச்சீட்டில் 'மனுவல், 20 பாடம்' என்று உங்கள் அலுவலகத்துப் பிள்ளையே தன் கையால் எழுதித் தந்தார். அந்த இருபதில் ஆறு பாடம்தான் மனுவல் காரில் நடந்தது. ஒன்பது பாடத்துக்கு, கிளட்ச் மிதியே இல்லாத ஓட்டோ கியர் காரைக் கொண்டுவந்தீர்கள். மீதி ஐந்தும் இன்றுவரை நடக்கவில்லை. மூன்று முறை நேரில் வந்து சொன்னேன். மூன்று முறையும் 'பார்ப்போம்' என்ற பதிலோடு திரும்பினேன். ஆகவே எழுத்தில் தருகிறேன்.

முதலில், நான் ஏன் மனுவல்தான் வேண்டும் என்று கேட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். சேரும்போதே உங்களிடம் சொன்னேன், நீங்கள் மறந்திருக்கக்கூடும்.

எங்களிடம் இருப்பது பழைய பட்டா லொறி ஒன்று, சிறியது. அக்கராயன் பக்கம் இரண்டு ஏக்கரில் கச்சான் போடுகிறோம். அதை வறுத்துப் பொதி செய்து முறிகண்டிக் கடைகளுக்குக் கொடுப்பது என் தொழில். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழைய வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த விலைக்குத்தான் லீசிங்கில் எடுத்தோம். என் கணவர் சமாதான காலத்தில் ஏ9 வீதியில் லொறி ஓட்டியவர். போரின் கடைசி மாதங்களில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். செயற்கைக் காலோடு தோட்டத்தில் எல்லா வேலையும் செய்வார். மனுவல் வாகனத்தில் இடது காலால் மிதிக்கும் கிளட்ச் மட்டும் மிதிக்க முடியாது. மிதிக்கலாம், ஆனால் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது அந்தக் காலுக்குத் தெரியாது. வாகனம் ஓடும் ஒவ்வொரு நாளும் சாரதிக்கு 2,500 ரூபாய் கொடுக்கிறோம். லீசிங் தவணையும் கட்டி, டீசலும் அடித்து, சாரதிக்கும் கொடுத்தால் கச்சானில் எங்களுக்கு என்ன மிஞ்சும்? அதனால்தான் நான் பழக வந்தேன். என் தேவை அந்தப் பட்டாவை நானே ஓட்டுவது. அதற்கு ஓட்டோ கியர் இல்லை.

உங்கள் வகுப்பில் நல்லதாக இருந்ததையும் சொல்லவேண்டும். எழுத்துப் பரீட்சைக்கான பாடம் சிறப்பாக இருந்தது. வீதிச் சமிக்ஞைகளை அந்த ஆசிரியை பொறுமையோடு, கேள்வி கேட்டுக் கேட்டுச் சொல்லித் தந்தார். முதல் தடவையிலேயே சித்தியடைந்தேன். அவருக்கு என் நன்றியைத் தெரிவியுங்கள்.

குறை, வீதிக்கு வந்தபின்தான் தொடங்கியது. உங்கள் மனுவல் காரில் பயிற்றுநர் பக்கத்திலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் இருக்கின்றன. ஆபத்து வந்தால் காப்பதற்கு அது வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த இரண்டு மிதிகளும் ஒன்றோடொன்று தொடுத்தவை. அவர் தன் பக்கத்தில் மிதித்தால் என் பக்கத்து மிதியும் கீழே போகும். முதல் நாள் நான் காலை வைக்கும் முன்பே என் கிளட்ச் தானாகத் தரையோடு போய் ஒட்டியது. உள்ளங்காலுக்கும் மிதிக்கும் நடுவே நான்கு விரல் வெளி. பிறகு அது தானாக மெல்ல மேலே வந்து என் காலைத் தொட்டது. கார் அழகாக நகர்ந்தது. நான்தான் ஓட்டுகிறேன் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடமும் சொன்னேன். மூன்றாம் நாள்தான் குனிந்து பார்த்தேன். பயிற்றுநரின் சப்பாத்துக் கால் அந்த மிதியை விட்டு ஒரு கணமும் விலகவில்லை.

காலை எடுக்கும்படி கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "நீங்கள் ஸ்டியரிங்கை மட்டும் பாருங்கள் அக்கா, காலை நான் பார்த்துக்கொள்கிறேன்."

ஐயா, நான் பணம் கட்டியதே அந்தக் காலுக்காகத்தான்.

பாடம் நடந்த வழியையும் பாருங்கள். ஆறு பாடமும் கிளிநொச்சியிலிருந்து முறிகண்டிக்குப் போய்த் திரும்புவதுதான். ஏ9 அந்த இடத்தில் நேரான, மேடு பள்ளம் இல்லாத வீதி. நான்காம் கியரில் விழுந்துவிட்டால் கிளட்சுக்கு வேலையே இல்லை. மனம் வைத்தால் மாங்குளம் வரை அதைத் தொடாமலே போகலாம். கிளட்ச் பழகுவது புறப்படும்போதும் நிற்கும்போதும்தான். சந்தையடியில் ஊர்ந்து போகவேண்டும், ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கவேண்டும், பின்னுக்கு எடுத்துத் திருப்பவேண்டும். இவற்றில் ஒன்றையும் அவர் என்னைக் கொண்டு செய்விக்கவில்லை. முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டும் சாரதி வன்னியில் இல்லை. அங்கே நிறுத்தியதைக் குறையாகச் சொல்லமாட்டேன். கும்பிட்டு வர ஐந்து நிமிடம் போதும். கச்சான் வாங்கி, கடைக்காரரோடு கதைத்து வர இருபது நிமிடம் போனது. நாற்பத்தைந்து நிமிடப் பாடத்தில் இருபது நிமிடம்.

ஏழாம் பாடத்திலிருந்து மனுவல் கார் 'கராஜில்' என்றார்கள். அது எதனால் கராஜுக்குப் போனது என்றும் கேட்டேன். கிளட்ச் தட்டு எரிந்துவிட்டதாம். எப்படி எரியாமல் இருக்கும்? நாள் முழுக்க ஒருவர் மிதியைப் பாதியில் பிடித்துக்கொண்டே இருந்தால் தட்டு உரசிக்கொண்டே இருக்கும். நானே ஐந்தாம் பாடத்தில் அந்தக் கருகல் மணத்தை மணந்தேன். என் கால் அப்போது தரையில் இருந்தது.

அதன்பிறகு ஒன்பது பாடம் ஓட்டோ கியர் காரில். முதல் இரண்டை 'இந்தக் கிழமை மட்டும்' என்ற வாக்கை நம்பி ஏற்றுக்கொண்டேன். ஏற்றது என் பிழை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு நாளும் கேட்டேன். ஜூன் கடைசியில் உங்கள் அலுவலகத்தில், 'ஓட்டோ கியரிலேயே செயன்முறைப் பரீட்சைக்குப் போங்கள், லைசன்ஸ் லைசன்ஸ்தானே' என்றார்கள். அது உண்மையல்ல என்பது சொன்னவருக்கும் தெரியும். ஓட்டோ கியர் வாகனத்தில் பரீட்சைக்குத் தோற்றினால் கிடைக்கும் அனுமதிப்பத்திரத்தைக் கொண்டு மனுவல் வாகனத்தை ஓட்ட முடியாது. அந்த அட்டையை வைத்துக்கொண்டு என் பட்டாவை நான் தெருவில் இறக்கினால் அது குற்றம். விபத்து ஒன்று நடந்தால் காப்புறுதியும் கைவிடும். இதை அறிந்திருந்தும் ஒரு பாடசாலை தன் மாணவிக்கு அப்படி ஆலோசனை சொல்லலாமா?

நான் மறுத்தபோது, 'பெண்களுக்கு ஓட்டோ கியர்தான் லேசு, ஏன் இந்தக் கரைச்சல்' என்றும் ஒருவர் சொன்னார். அவருக்கு இதைச் சொல்லுங்கள். எங்கள் பகுதியில் வயல் விதைப்புக்கு உழவு இயந்திரம் ஓட்டும் பெண்கள் இருக்கிறார்கள். முகமாலையில் முழங்காலில் நின்று அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிக் கண்ணிவெடி எடுப்பவர்களிலும் பெண்கள் இருக்கிறார்கள். கிளட்ச் மிதி அவர்களுக்குக் கடினம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி, ஜூலை 5ஆம் திகதி நடந்தது. பரீட்சைக்கு நாள் நெருங்குகிறதே என்று, என் தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் 'எல்' பலகை கட்டி, பட்டாவை எடுத்தேன். தம்பிக்கு அனுமதிப்பத்திரம் உண்டு. முறிகண்டியில் கச்சான் இறக்கிவிட்டு, வெறும் சாக்குகளோடு திரும்பினோம். வீட்டுக்குப் போகும் வழியில் புகையிரதக் கடவை. தண்டவாளம் உயரத்தில் இருப்பதால் இரண்டு பக்கமும் சிறு ஏற்றம். 2013இல் கிளிநொச்சிக்கு மறுபடி புகையிரதம் வந்தபோது பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டியது இந்தப் பாதையில்தான். நிறுத்தினேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். முதலாம் கியர் போட்டு, கிளட்சை விட்டேன். உங்கள் காரில் எப்போதும் தானாகவே மெல்ல எழும்பிய அந்த மிதி, என் காலோடு சேர்ந்து ஒரேயடியாக எழும்பியது. வாகனம் ஒரு துள்ளுத் துள்ளி, முன்சில்லுகள் இரண்டும் தண்டவாளத்தில் ஏறிய நிலையில் எஞ்சின் நின்றது.

பதற்றத்தில் கிளட்சை மிதிக்காமலே சாவியைத் திருப்பினேன். கியரில் இருந்த வாகனம் இன்னொரு முறை உதைத்தது. தம்பி 'மிதி, மிதி' என்று கத்துகிறான். எந்தக் காலை என்று எனக்குப் புரியவில்லை. மறுபடி எடுத்தேன், மறுபடி நின்றது. கடைசியில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பெடியன்கள் தள்ள, பட்டா மறுபக்கம் இறங்கியது. புகையிரதம் வரவில்லை. அரை மணித்தியாலம் கழித்து வீட்டு முற்றத்தில் நிற்கும்போது அதன் ஊதல் கேட்டது. என் கை ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரியே விறைத்திருந்தது.

அன்று மாலை என் கணவர் குசினியிலிருந்து இரண்டு அலுமினியச் சட்டி மூடிகளைக் கொண்டுவந்தார். நடுவில் ஒரு சாக்குத் துண்டை வைத்தார். ஒரு மூடியைச் சுற்றி, மற்றதை அதன்மேல் மெல்ல மெல்ல அழுத்தினார். முதலில் சாக்கு உரசியது, மற்ற மூடி அசையவில்லை. இன்னும் அழுத்த அதுவும் இழுபட்டுச் சுற்றத் தொடங்கியது. 'ஒன்று எஞ்சினோடு சுற்றும், மற்றது சில்லுக்குப் போகும். மிதித்தால் பிரியும், விட்டால் சேரும். சேரும் இடத்தை உன் கால் கண்டுபிடிக்க வேண்டும்' என்றார். பிறகு எங்கள் வளவுக்குள் பட்டாவை எடுக்கச் சொன்னார். செருப்பைக் கழற்றச் சொன்னார். அக்சிலரேட்டரைத் தொடவே விடவில்லை. கிளட்சை மட்டும் மயிரிழை மயிரிழையாக விடச் சொன்னார். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். சும்மா நின்றாலே உடம்பு முழுக்க நடுங்கும் வாகனம். ஓர் இடத்தில் அந்த நடுக்கம் மாறுகிறது. சத்தம் கனக்கிறது. மிதி உள்ளங்காலில் லேசாகத் துடிக்கிறது. 'அங்கேயே நில்' என்றார். பட்டா எறும்பு மாதிரி நகர்ந்தது. வேம்படியிலிருந்து கிணற்றடி வரை, கிணற்றடியிலிருந்து வேம்படி வரை, இருபது முறைக்கு மேல் செய்தேன். நான்கு முறைதான் நின்றது. இருட்டும் முன் முடித்தோம்.

இரண்டு மூடியும் ஒரு சாக்குத் துண்டும் ஒரு பின்னேரமும் போதுமாக இருந்த பாடம் இது. ஐந்து மாதத்தில் உங்களால் தர முடியவில்லை.

நான் கேட்பது இதுதான். பாடம் ஒன்றுக்கு 2,000 ரூபாய் என்பது உங்கள் கணக்கு. ஓட்டோ கியரில் நடத்திய ஒன்பதுக்கும் நடத்தாத ஐந்துக்குமாக 28,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். முதல் ஆறு பாடத்துக்குப் பணம் கேட்கவில்லை. அவற்றில் ஸ்டியரிங் பிடிக்கவும் கண்ணாடி பார்க்கவும் கற்றுக்கொண்டேன். 'பணத்துக்குப் பதிலாக மீதிப் பாடத்தை மனுவலில் தருகிறோம்' என்று இப்போது சொல்வீர்களானால், வேண்டாம். அதைப் பெப்ரவரியில் சொல்லியிருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. என்னோடு சேர்ந்தவர்களில் மூன்று இளம் பிள்ளைகள் இன்னும் உங்களிடம் பழகுகிறார்கள். ஒருத்தி புதுக்குடியிருப்பிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அவர்களும் மனுவலுக்குப் பணம் கட்டியவர்கள். பயிற்றுநர் தன் காலை மிதியின்மேல் அல்ல, மிதியின் பக்கத்தில் வைக்கும்படி நீங்கள் எழுத்தில் அறிவுறுத்த வேண்டும். மாணவர் எஞ்சினை நிறுத்தினால் நிறுத்தட்டும். ஆளில்லாத மைதானத்தில் பத்துத் தடவை நிறுத்திப் பழகுவது, கடவையில் ஒரு தடவை நிறுத்துவதைவிட நல்லது. பயிற்றுநர் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பாடம் அவரிடம் சுமத்துகிறீர்கள் என்று பார்த்தேன். மாணவருக்கு ஒவ்வொரு தடவையும் எஞ்சின் நின்றால் அவருக்கு அடுத்த பாடத்துக்கு நேரம் தப்பிவிடும். அந்த நெருக்கடியை உண்டாக்கியது நீங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் பதிலும் பணமும் எதிர்பார்க்கிறேன். கிடைக்காவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுவேன். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி போகும். பற்றுச்சீட்டின் பிரதியையும், எந்தத் திகதியில் எந்தக் காரில் பாடம் நடந்தது என்று நான் கொப்பியில் எழுதி வைத்த பக்கங்களின் பிரதியையும் இதோடு இணைத்திருக்கிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் பயிற்றுநரின் கையொப்பம் அதில் உண்டு.

தொலைபேசியில் பேசுவதானால் மாலை 5 மணிக்குப் பின் எடுங்கள். பகலில் நான் தோட்டத்தில் நிற்பேன். செயன்முறைப் பரீட்சைக்கு, தெரிந்தவர் ஒருவரின் மனுவல் காரைக் கேட்டு ஒழுங்கு செய்திருக்கிறேன். உங்கள் வாகனத்தை எனக்காக ஒதுக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(ஒப்பம்)
உங்கள் பாடசாலையின் மாணவி, அக்கராயன்