உப்புக் கழிவுநீரும் நுண்ணுயிரிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கழிவுநீர் என்றாலே குரோமியத்தைப் பேசும் நாம், உப்பைப் போதிய அளவு பேசுவதில்லை. உப்பிட்டு வரும் பச்சைத் தோலை முதலில் ஊறவைத்துக் கழுவும் நீரில் உப்போடு இரத்தமும் கொழுப்பும் புரதமும் கலந்திருப்பதால், அதை வெயிலில் காயவைக்கும் பாத்திகள் நாறுகின்றன; மிஞ்சும் அழுக்கு உப்பும் எதற்கும் உதவாமல் குவிகிறது.

சுத்திகரிப்புத் தொட்டிகளில் இவ்வழுக்கைத் தின்று தீர்க்கும் வழக்கமான பாக்டீரியாக்கள், உப்பு மிகும்போது செல்லிலுள்ள நீரை இழந்து செயலிழக்கின்றன. ஆனால் உப்பளப் பாத்திகளின் உவர்நீரே சிவக்கும் அளவுக்குப் பெருகும் உப்பு விரும்பி நுண்ணுயிரிகள், செல்லின் நீரை இழக்காதிருக்க எக்டோயின் என்னும் கரிமச் சேர்மம் போன்ற பொருள்களையோ பொட்டாசியத்தையோ தம்முள் சேர்த்துவைத்துத் தாக்குப்பிடிக்கின்றன. அவற்றைப் படிப்படியாகப் பழக்கி, ஊறல் நீரைக் காயவைப்பதற்கு முன் அதிலுள்ள அழுக்கைத் தின்னப் பயன்படுத்தினால் நாற்றமும் குறையும். கிடைக்கும் உப்பும் ஓரளவு தூய்மையாக இருக்கும்.

நுண்ணுயிரிகள் உப்பையே தின்றுவிடும் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். உப்பைத் தனியாகத்தான் பிரித்தாக வேண்டும். இந்நுண்ணுயிரிகள் மெதுவாக வளர்பவை என்பதால் பொறுமையும் தேவை. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றிலாவது இதைச் சோதித்து, முடிவு எதுவாயினும் மக்கள் பார்வைக்கு வைக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், ஆம்பூர்