திருக்கைமேல் கோபம் வேண்டாம், கண்ணு

ஏற்காடு
24.9.2006

அன்பு மகளுக்கு,

டிவியில் முதலை பிடித்துக் காட்டுகிற ஆஸ்திரேலியக்காரர் ஸ்டீவ் இர்வின் போனதிலிருந்து உன் குரலே சரியில்லை. அழுகை வந்தால் அழுதுவிடு கண்ணு. டிவியில் பார்த்த மனுஷனுக்காகவா இப்படி அழுகிறாய் என்று ஹாஸ்டலில் யாராவது கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாதே. பாம்பைக் கண்டதும் கம்பைத் தேடுகிற நம் வீடுகளுக்குள்ளேயே வந்து, அதுவும் ஓர் உயிர்தான் என்று பார்க்க வைத்தவர். 44 வயது சாகிற வயதா? எனக்கும் மனசு ஆறவில்லை.

முதலையோடு புரண்டவர் ஒரு மீனால் எப்படிச் செத்தார் என்று கேட்டாய். தூத்துக்குடியில் மீன்வளம் படிக்கிறாய், சீக்கிரமே கடலில் இறங்கப் போகிறாய். அதனால் பூசி மெழுகாமல் எழுதுகிறேன்.

செப்டம்பர் 4, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் போர்ட் டக்ளஸ் ஊருக்கு அப்பால் கடலில் பேட் ரீஃப் என்ற பவளத்திட்டு. அன்றைக்கு வானிலை மோசம், எடுக்க வந்த படம் நின்றுவிட்டது. சும்மா இருக்க மனசில்லாமல், மகள் பிண்டியின் நிகழ்ச்சிக்காகக் கொஞ்சம் எடுக்கலாம் என்று ஆழமில்லாத தண்ணீரில் இறங்கி, ஒரு பெரிய திருக்கைக்கு மேலாக நீந்தினார். தலைக்கு மேல் பெரிய உருவம் வந்தால் திருக்கைக்கு அது சுறாவாகத்தான் படும். வாலை மேல்நோக்கி வீசியது. முள் நெஞ்சில் ஏறி இதயத்தில் இறங்கிவிட்டது.

அந்த முள்ளை நீ நன்றாகத் தெரிந்துகொள். அது வால் நுனியில் இருக்காது. வாலின் மேல்புறத்தில், நுனியிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கும். இரண்டு ஓரமும் ரம்பப் பல், பல்லெல்லாம் திருக்கையின் உடம்புப் பக்கம் சாய்ந்திருக்கும். உள்ளே போகும்போது வழுக்கிக்கொண்டு போகும், வெளியே இழுத்தால் சதையைக் கிழித்துக்கொண்டு வரும். முள்ளின் அடிப்புறத்தில் நீளமாக இரண்டு பள்ளம், அதில்தான் விஷம். மேலே மெல்லிய தோலுறை மூடியிருக்கும். குத்தியதும் உறை கிழிந்து விஷம் காயத்தில் கலக்கும். வலி உயிர் போகும், ஆனால் அந்த விஷத்தால் உயிரே போவது மிக அபூர்வம். அநேகமாகப் பாதத்திலும் கணுக்காலிலும்தான் குத்து விழும். அவரைக் கொன்றது காயம் விழுந்த இடம்.

முதலையிடம் அவர் காட்டியது வெறும் தைரியம் இல்லை. முதலைக்கு வாயை மூடும் தசையில் அசுர பலம், திறக்கும் தசையில் பலமே கிடையாது. அதனால்தான் முதலில் வாய்க்குக் கயிறு, பிறகு கண்ணை மூடத் துணி, மேலே படுத்து அமுக்க ஆட்கள் என்று ஒரு வரிசை வைத்திருந்தார். அப்பா பாப் இர்வினிடம் சின்ன வயசிலேயே கற்றது. திருக்கையிடம் அப்படிக் கயிறும் துணியும் உதவாது. இடைவெளி ஒன்றுதான் காப்பு. மேலே போகாதே, அது ஓடுகிற வழியில் நிற்காதே, இரண்டு பேர் சேர்ந்து நடுவில் மடக்காதீர்கள்.

கரையோரத்தில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல், மணலைத் தேய்த்தபடி இழுத்து இழுத்து நட. மணலுக்குள் புதைந்து கிடக்கிறது அந்த அதிர்வில் விலகிவிடும், மிதித்தால்தான் வீசும். ரப்பர் பூட்ஸை நம்பாதே, முள் அதைத் துளைத்துவிடும். வலையில் வந்தது செத்துக் கிடந்தாலும் முள்ளில் விஷம் உண்டு. வாலை வெட்டுகிறவரை கை வைக்காதே.

காலிலோ கையிலோ குத்திவிட்டால் முதலில் ரத்தத்தை அமுக்கி நிறுத்து, காயத்தைக் கழுவு. பிறகு பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் முக்கி வை. 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, 30 நிமிடத்திலிருந்து 90 நிமிடம் வரை வைக்கலாம். அந்த விஷம் புரதம், சூட்டில் கெட்டுப்போகும், வலியும் இறங்கும். அடிபடாத கையை விட்டுச் சூடு பார்த்த பிறகுதான் அடிபட்ட காலை வைக்க வேண்டும். வலியில் இருக்கிற காலுக்குச் சூடு உறைக்காது, வெந்து கொப்பளித்துவிடும். நெஞ்சு, வயிறு, கழுத்தில் குத்தி முள் உள்ளே நின்றால் யார் சொன்னாலும் பிடுங்கக் கூடாது. அது அசையாதபடி சுற்றித் துணி வைத்து நேராக ஆஸ்பத்திரி.

வலி நின்றதும் சரியாகிவிட்டது என்று இருந்துவிடுவதுதான் பெரிய தப்பு. உடைந்த முள் துண்டு எக்ஸ்ரேயில் தெரியும், தோலுறைத் துணுக்கு தெரியாது. அது உள்ளே தங்கினால் சதை அழுகும். காயத்தைத் திறந்து கழுவி, உடனே தைக்காமல் விடுவார்கள். டெட்டனஸ் வராமலிருக்க டிடி ஊசியும் போட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் கடற்கரையில் வால் அறுத்த திருக்கைகள் செத்துக் கிடந்தனவாம். அவர் பெயரால் இப்படியா? எனக்கு வயிறு எரிகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கத் திருக்கைக் குழம்பு வைக்கிற கடற்கரையில் நீ இருக்கிறாய். அங்கே யாருக்காவது அந்த மீன்மேல் ஆத்திரம் இருந்தால் எடுத்துச் சொல்.

இங்கே மலையிலும் பையன்கள் அவரைப் போலப் பாம்பை வாலில் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறார்கள். கண்ணாடி விரியன் அந்த நிலையிலேயே உடம்பை வளைத்துக் கடிக்கும். காப்பிச் செடியில் இலையோடு இலையாகக் கிடக்கிற பச்சைக் குழிவிரியன் வேறு. நம் ஊர் பாம்புக்கடி விஷமுறிவு ஊசி நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கு மட்டுந்தான், குழிவிரியன் கடிக்கு உதவாது. நீ லீவில் வரும்போது இந்தப் பையன்களிடம் பேச வேண்டும். நான் சொன்னால் கிழவி பயப்படுகிறாள் என்பார்கள்.

20-ஆம் தேதி அஞ்சலிக்கூட்டம் அவருடைய மிருகக்காட்சிசாலையிலேயே நடந்தது. அரசு மரியாதை தருகிறோம் என்றதற்கு, சாதாரண மனுஷனாக நினைத்தால் போதும் என்று அவர் அப்பா சொல்லிவிட்டார். எட்டு வயசு பிண்டி ஐயாயிரம் பேருக்கு முன்னால் எழுதி வைத்ததைத் தடுமாறாமல் படித்தாள். அதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை. 2004-இல் தன் அம்மா நினைவாக ஸ்டீவ் திறந்த விலங்கு ஆஸ்பத்திரி நடந்துகொண்டிருக்கிறது. அப்பாவும் மகனுமாக 1990-இல் கண்டுபிடித்த ஆமைக்கு அறிவியல் பெயரிலேயே இர்வின் இருக்கிறது, உன் புத்தகத்தில் தேடிப் பார்.

பெரிய பிளாஸ்க் ஒன்றும் தெர்மாமீட்டரும் பார்சலில் போடுகிறேன். எந்தக் கரையில் இறக்குகிறார்கள், பக்கத்தில் எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரி எது என்று உன் வாத்தியாரிடம் கேட்டு உடனே எழுது.

அன்புடன்,
அம்மா