பதினொரு மணி நேரத்துக்கு ஒரே கடை: மலிவுக்கட்டண விமான நிறுவனங்களின் உணவுப் பிரிவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரியோர்க்கு வணக்கம்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து மெல்பர்ன், சிட்னி, ஏதென்ஸ் என்று ஏழெட்டு மணி முதல் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம்வரை பறக்கும் மலிவுக்கட்டணச் சேவைகளில் சாப்பாடு விற்கப்படும் விதம் பற்றி எழுதுகிறோம். இலவசச் சோறு கேட்டு வரவில்லை. டிக்கெட்டைக் குறைத்துச் சாப்பாட்டுக்குத் தனிக்காசு வாங்குவது பழைய முறைதான். 1977இல் லண்டன்–நியூயார்க் தடத்தில் தொடங்கிய ஸ்கைட்ரெயின் என்ற மலிவுக்கட்டண விமானச் சேவையிலேயே அது இருந்தது. அங்கே உணவை வாங்கியும் சாப்பிடலாம், கையில் கொண்டுபோயும் சாப்பிடலாம்.

எங்கள் வழக்கு அந்த இரண்டாவது வசதியைப் பற்றியது. வெளியுணவுக்குத் தடை போடும் நிறுவனம் அந்தப் பதினொரு மணி நேரத்துக்கு ஊரின் ஒரே கடைக்காரர் ஆகிவிடுகிறது. நான்கு பேர் குடும்பம், ஆளுக்கு இரண்டு வேளை, போக வர: மொத்தம் 16 சாப்பாடு. ஒன்று 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்தாலும் 240 வெள்ளி. தடையோ பயண ஒப்பந்த விதிகளுக்குள் எங்கோ ஒரு வரியாகக் கிடக்கிறது. பணம் கட்டும் பக்கத்தில் அதைக் காண்பது அரிது. சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்தின் விலை வெளிப்படைத்தன்மை வழிகாட்டி 2020 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. படிப்படியாகக் கட்டணத்தைக் கூட்டிக் காட்டுவதையும், முன்கூட்டியே தேர்வுக்குறி போட்டு வைப்பதையும் அது பேசுகிறது. வேறு வழியே இல்லாத சாப்பாட்டை ‘விருப்பத் தேர்வு’ என்று எப்படி எழுதுகிறீர்கள்? தடை வேண்டுமென்றால் முதல் பக்கத்திலேயே, கட்டணத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். இல்லையேல் மணம் வீசாத, சூடாக்கத் தேவையில்லாத உணவையாவது விடுங்கள். பொடி தடவிய இட்லியால் அடுத்த இருக்கைக்காரருக்கு என்ன இடைஞ்சல்? (மூக்கைத் துளைக்கும் துரியான் பழத்துக்காக நாங்கள் வாதாடவில்லை.) கைக்குழந்தையின் உணவுக்கும், இன்சுலின் போடுவோரின் உணவுக்கும் விதிவிலக்கு உண்டென்பதைச் சிப்பந்தியின் கருணைக்கு விடாமல் எழுத்தில் வையுங்கள்.

பயணிகள் பலருக்குப் புரியாத இடம், முன்பதிவு. முன்பதிவான சாப்பாடு எண்ணி ஏற்றப்படுகிறது; விமானத்தில் விற்பதற்கானது ஊகத்தில் ஏற்றப்படுகிறது. விற்காத சூட்டுணவு குப்பைக்குத்தான் போகும் என்பதால் ஊகம் எப்போதும் குறைவாகவே இருக்கும். தள்ளுவண்டி பின்வரிசைக்கு வருமுன் ‘தீர்ந்துவிட்டது’ என்ற சொல் வருவது அதனால்தான். இதில் தப்பில்லை. ஆனால் முன்பதிவு எத்தனை மணிக்கு மூடும் என்பதை உறுதி மின்னஞ்சலில் சிங்கப்பூர் நேரப்படி குறிப்பிடலாமே. மற்றொன்று: சாப்பாட்டுப் பதிவு பயணியோடு ஒட்டியதன்று, அந்தக் குறிப்பிட்ட பறப்போடு ஒட்டியது. தேதி மாறினாலோ, இணைப்பு விமானம் தவறி வேறொன்றில் ஏற்றிவிட்டாலோ, பதிவு பழைய பறப்பிலேயே தங்கிவிடக்கூடும். காசு போய்விட்டது, தட்டும் வராது. உங்கள் தரப்பில் மாற்றம் நேர்ந்தால் பதிவு தானாகக் கூடவே போகவேண்டும்; போகாவிட்டால் பயணி படிவம் நிரப்பாமலே பணம் திரும்பவேண்டும்.

நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானத்தில் ஏறியதும் எழுப்பிப் பிரியாணி கொடுப்பதை யார் கேட்டார்கள்? முதல் சுற்றா, இறங்குவதற்கு முந்திய சுற்றா என்று பதிவுசெய்யும்போதே கேளுங்கள். பறக்கும் அடுப்புகள் வெந்து குளிரூட்டிய உணவைத் திரும்பச் சுடவைப்பவை, ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம் போல ஆகும். பாதிப் பேரின் சாப்பாட்டைப் பிந்திய சுற்றுக்குத் தள்ளினால் அடுப்புக்கும் நெருக்கடி குறையும்.

அந்த அடுப்பின் வறட்டுச் சூட்டில் இட்லி கல்லாகும், வறுத்த மீகூன் (அரிசிச் சேமியா) நார்நாராகும், குழம்போடு கலந்த சோறு தாங்கும். கேபினின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே. அங்கே உப்பும் இனிப்பும் மந்தமாகத் தெரியும். புளியும் காரமும் அந்த அளவுக்கு அடிபடுவதில்லை. புளிக்குழம்பு, ரசச்சோறு பக்கம் கொஞ்சம் பாருங்கள்.

பட்டியலில் ‘சைவம்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. முட்டை உண்டா, பூண்டு வெங்காயம் உண்டா, பாலாடைக்கட்டி உண்டா? முழுச்சேவை விமானங்களின் குறியீட்டில் ஏவிஎம்எல் என்பது இந்திய முறைச் சைவம். எச்என்எம்எல் எனும் ‘இந்து உணவு’ அசைவம், மாட்டிறைச்சி இராது. இரண்டையும் குழப்பிக்கொண்டு கோழிக்கறியைத் திறந்து பார்த்தவர்கள் உண்டு. அதுபோலவே முயிஸ் எனும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் இங்குள்ள சமையற்கூடத்துக்கானது. திரும்பும் பறப்பின் உணவு எந்த ஊர்க் கூடத்தில், யார் சான்றோடு வருகிறது என்பதைத் தனியே போடுங்கள்.

தண்ணீர். சாங்கி முதல் முனையத்தில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாயிலில் நடக்கிறது. உள்ளே கடையில் வாங்கிய போத்தலும் 100 மில்லிக்கு மேலென்றால் அங்கே போய்விடும். தயிர், சட்னி, சாம்பார், எண்ணெயில் மிதக்கும் ஊறுகாய் எல்லாம் அதே கணக்குதான். காலிப் போத்தலோடு வருபவருக்குக் கேபினில் கட்டணமின்றி நீர் ஊற்றுங்கள். இதற்கு விலை வைப்பதை எங்களால் நியாயப்படுத்த முடியவில்லை.

காசு கட்டுவதிலும் ஒரு சங்கதி. அட்டைக் கருவி பெரும்பாலும் இணைப்பில்லாமல் கணக்கைக் குறித்து வைத்துத் தரையிறங்கியபின் வங்கிக்கு அனுப்புகிறது. அந்த நேரத்தில் வங்கியைக் கேட்க வழியில்லாததால் டெபிட் அட்டையும் முன்பணம் ஏற்றிய அட்டையும் மறுக்கப்படலாம். கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் பேநவ்வும் மேலே எடுபடாது. எந்த அட்டை செல்லும், எந்த நாட்டுத் தாள் வாங்குவீர்கள், சில்லறை எந்த நாணயத்தில் தருவீர்கள் என்பதை விமானம் ஏறுமுன் சொல்லிவிட்டால், முதியவர் ஒருவர் பணப்பையில் பணமிருந்தும் பசியோடு உட்கார வேண்டியிராது.

கடைசியாக, ஆஸ்திரேலியப் பறப்புகளில் மிச்ச உணவைப் பயணி பையில் போட்டுக்கொண்டு இறங்கினால், அங்கே வருகை அட்டையில் அறிவிக்க வேண்டும், மறைத்தால் அபராதம். உங்கள் சாண்ட்விச்சும் அதில் அடக்கம். இறங்குவதற்கு அரைமணி முன் குப்பைப் பையோடு ஒரு நடை நடந்து, அறிவிப்பைத் தமிழிலும் ஒலிக்கவிடுங்கள்.

இப்படிக்கு,
சிங்கப்பூர்ப் பயணிகள் சிலர்