அங்கீகாரம் கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்:
செயலாளர், தபால்வழி கிறிஸ்தவ ஊழியப் பயிற்சிப் பள்ளி, பேவியூ, சேட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
அங்கீகாரப் பிரிவு அதிகாரி அவர்கள்.

பொருள்: பள்ளிக்கு அங்கீகாரம் கோருதல், முந்தைய மூன்று மனுக்களுக்கும் பதில் வராதது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சேட்ஸ்வர்த்தைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹிக்கின்சன் ஹைவேயில் வந்து பேவியூவுக்குத் திரும்பும் பாதையைத் தாங்கள் அறிவீர்கள். அங்குள்ள எங்கள் சபை மண்டபத்தின் பின்னறைதான் பள்ளி.

1. லாபநோக்கற்ற அமைப்பாக முறைப்படி பதிவு செய்திருக்கிறோம். டொங்காட், ஸ்டாங்கர், போர்ட் ஷெப்ஸ்டோன் வரை மாணவர்கள் இருக்கிறார்கள். பாடம் வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவாகப் போகும். மாதம் ஒரு சனிக்கிழமை நேரில் கூடுவோம்.

2. கேட்ட தாள்கள் அனைத்தும் கொடுத்தாயிற்று. ஒருமுறை தொலைபேசியில் பேசியவர், வகுப்பறையில் எத்தனை மேசை என்று கேட்டார். தபால்வழிப் பள்ளி, ஐயா. அவரவர் வீட்டுச் சமையலறை மேசைதான் வகுப்பறை.

3. எங்களை வதைப்பது இதுதான். டொங்காட்டிலிருந்து ஒரு சகோதரி எங்களிடம் படித்தார். பகலெல்லாம் தையல் ஆலையில் வேலை, பிள்ளைகள் தூங்கிய பிறகு படிப்பு. லோட்ஷெடிங் என்று மின்சாரத்தை நிறுத்தும் இரவுகளில் அவர் எழுதிய விடைத்தாள்கள் மெழுகு சொட்டி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும், பிரித்துத்தான் திருத்துவேன். படிப்பின் அளவைக் கிரெடிட் என்று எண்ணுகிறார்கள்; ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம் என்பது அரசின் கணக்கு. அந்தக் கணக்கில் 120 கிரெடிட், அதாவது 1,200 மணி நேரப் பாடம். மூன்று வருடத்தில் முடித்தார். நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கும் வேலை ஒன்றுக்குச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனார். அங்கிருந்தவர் வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார், "நம்பர் எங்கே அம்மா?" என்றார். அங்கீகார நம்பர் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் ஒரு குறையும் செய்யவில்லை, விதி அப்படி. ஆனால் அந்தச் சகோதரி என்ன குறை செய்தார்? சேரும்போதே, அங்கீகாரம் இன்னும் வரவில்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் சேர்த்தோம். "வந்துவிடும் அல்லவா, பிரதர்?" என்று கேட்டார். வந்துவிடும் என்றேன். அந்த வார்த்தைக்கு நான்தானே பொறுப்பு? இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவரைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லாரையும் எழுத மனம் வரவில்லை.

4. அரசு கைவிடும் பழைய வகைப் படிப்புகளில் ஆள் சேர்க்க 2024 ஜூன் 30 கடைசி நாள் என்றார்கள். சரி, புதிய முறைக்கே விண்ணப்பித்தோம். அதற்கும் பதில் இல்லை.

5. போதகர்கள் சபை மக்களைப் புல் தின்ன வைத்த கதை நாடெங்கும் செய்தியானது. 2015-இல் சமய, பண்பாட்டு, மொழிச் சமூகங்களின் உரிமை ஆணையம் அதைப் பற்றியெல்லாம் விசாரணை நடத்தியது. பயிற்சி இல்லாதவர்கள் ஊழியம் செய்கிறார்கள் என்று குறை சொல்கிறார்கள். பயிற்சி கொடுக்கிறோம் என்று வந்தால் வாசலிலேயே நிற்க வைக்கிறார்கள். இது நியாயமா, ஐயா? தகுதி இல்லையென்றால் இல்லை என்றாவது எழுதுங்கள்! நிர்வாக முடிவுக்கு எழுத்தில் காரணம் கேட்கும் உரிமையை அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவு தருகிறது. நாங்கள் காரணம் கேட்பதற்குக்கூட ஒரு முடிவு வரவில்லையே.

கோபமாக எழுதிவிட்டேன் என்றால் மன்னியுங்கள். ஒரு நாள் ஒதுக்கி வந்து பள்ளியைப் பாருங்கள், விடைத்தாள்களைப் புரட்டிப் பாருங்கள், குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறோம். அங்கீகாரம் தாருங்கள், ஐயா. படித்து முடித்தவர்களுக்காகவாவது தாருங்கள்.

சகோதரியின் சம்மதத்தோடு அவர் சான்றிதழின் நகலை இணைத்திருக்கிறேன். எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருப்பதைத் தாங்களே பார்க்க வேண்டும் என்று பின்பக்கத்தையும் நகல் எடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
செயலாளர்