கொழுப்புச் சதவீதம் சொல்லாத கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தடகள வீரர்களின் உணவு குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, உடற்கொழுப்பு குறையக் குறைய வேகம் கூடிக்கொண்டே போகும் என்ற எண்ணத்தை ஏற்படுத்துகிறது. தொலைதூர ஓட்டத்தில் சுமக்கும் எடை குறைந்தால் ஆதாயம் உண்டுதான். ஆனால் அந்த எடை எப்படிக் குறைக்கப்பட்டது என்பதைக் கட்டுரை கேட்கவே இல்லை.

52 கிலோ எடையுள்ள ஓர் ஓட்டவீராங்கனைக்குக் கொழுப்பு நீங்கலாக 46 கிலோ இருப்பதாகக் கொள்வோம். அவர் நாளொன்றுக்கு 2,100 கிலோ கலோரி உண்டு, பயிற்சியில் 900 செலவழித்தால், எலும்பைப் புதுப்பிப்பது முதல் ஹார்மோன்களைச் சுரப்பது வரை உடலின் மற்ற எல்லா வேலைகளுக்கும் எஞ்சுவது 1,200; அதாவது, கொழுப்பு நீங்கலான ஒவ்வொரு கிலோவுக்கும் 26. இது 45 அளவில் இருப்பது நல்லது என்றும், 30க்குக் கீழே நெடுநாள் நீடித்தால் கெடுதல் என்றும் விளையாட்டு மருத்துவர்கள் பொதுவாகக் கொள்கின்றனர் (ஆளுக்கு ஆள் மாறுவதால் 30 என்பது கறாரான கோடு அல்ல). உடனிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் நன்றாகச் சாப்பிடுகிறவராகவே தெரிவார். ஆனால் ஆற்றல் போதாமல் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும். அதைக் கடும் பயிற்சியின் அடையாளம் என்று பயிற்சியாளரே தள்ளிவிடுவதும் உண்டு. பிறகு கீழ்க்கால் எலும்பிலோ பாதத்திலோ அழுத்த முறிவு (திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் ஏற்படும் சிறு விரிசல்) வருகிறது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்தாலும், வெளிப்படையான அறிகுறி இல்லாததால் தாமதமாகவே பிடிபடுகிறது.

பயிற்சிக்குப் பின் உடலுக்குப் போதிய ஆற்றல் எஞ்சாத இந்த நிலைக்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் ‘ரெட்-எஸ்’ (RED-S, விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு) என்று பெயரிட்டது. 17 வயதிலேயே உலக சாம்பியன்ஷிப் 1,500 மீட்டர் இறுதிச்சுற்றில் ஓடிய அமெரிக்க வீராங்கனை மேரி கெய்ன், எடை குறைக்கும் நெருக்கடியில் மூன்று ஆண்டுகள் தமக்கு மாதவிடாய் நின்றதையும் ஐந்து எலும்புகள் முறிந்ததையும் 2019இல் வெளிப்படையாகச் சொன்னார். கட்டுரையில் இவை பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வியப்பளிக்கிறது.

கட்டுரையாளர் பெரிதும் நம்பும், எக்ஸ்-கதிரால் உடற்கொழுப்பை அளக்கும் டெக்சா ஸ்கேன்கூட, அன்று குடித்த தண்ணீருக்கும் உண்ட உணவுக்கும் ஏற்ப மாறிக் காட்டக்கூடியது. காலையில் வெறும் வயிற்றில், அதே இயந்திரத்தில், அதே முறையில் எடுத்தால்தான் முந்தைய அளவோடு ஒப்பிட முடியும். அப்போதும் ஓரிரு சதவீத வேறுபாட்டை வைத்து ஒருவரின் உணவைக் குறைப்பது முறையாகாது. குண்டு எறிபவருக்கும் மாரத்தான் ஓடுபவருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பள்ளி மாணவர்களுக்கும் மாதந்தோறும் கொழுப்பை அளக்கலாம் என்ற பரிந்துரைதான் என்னை எழுத வைத்தது. மருத்துவக் காரணமின்றி 18 வயதுக்குட்பட்டோருக்கு இத்தகைய அளவீடு கூடாது என்று ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர் குழு 2023இல் அறிவுறுத்தியுள்ளது. அந்தப் பகுதிக்கு அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்