முன்னாள் மாணவர் சங்கம், செபராங் பிறை, பினாங்கு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா பள்ளித் திடலில் நடைபெற்றது. விளையாட்டுப் போட்டிக்குக் கோப்பைகள் வழங்கினோம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுத்தோம். தீபாவளிக்கு முன்பு கோத்தோங் ரோயோங்கில் (எல்லாரும் சேர்ந்து செய்யும் பொதுப்பணியில்) வேலிக்குச் சாயம் அடித்தோம். செயலவைக் கூட்டங்கள் சில, போதிய உறுப்பினர் வராததால் தள்ளிப்போயின.

அடுத்தது மானிய மகஜர், அதாவது பள்ளிகளுக்கான நிதியை நியாயமாகப் பிரிக்கக் கேட்டு மாநில அரசிடம் நாம் கொடுத்த மனு. “இது பள்ளியை நிர்வகிக்கும் மேலாளர் வாரியம் பார்க்க வேண்டிய வேலை, முன்னாள் மாணவர் சங்கத்துக்கு எதற்கு?” என்று சிலர் என்னிடமே கேட்டார்கள். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நம் தமிழ்ப்பள்ளி தோட்டத்தில் (எஸ்டேட்டில்) பிறந்த பள்ளி. நிலம் இன்றுவரை அரசாங்கத்தின் பெயரில் இல்லை. அதனால் நாம் ‘பகுதி உதவி’ பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளத்தைக் கல்வி அமைச்சு கொடுத்துவிடுகிறது. கூரை, கழிப்பறை, மின்கம்பி என்று வரும்போது முழு உதவிப் பள்ளிக்குக் கிடைப்பது போல நமக்குக் கிடைப்பதில்லை. மேலாளர் வாரியமும் பெற்றோரும்தான் ஓட வேண்டியிருக்கிறது. மாணவர் தலைக்கு இவ்வளவு என்று வரும் மானியமும் நமக்குக் கைகொடுப்பதில்லை. 150 பேருக்குக் கீழே இருந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்கிறார்கள். நாம் அந்த வரிசையில் இருக்கிறோம். பிள்ளைகள் குறைவு என்பதற்காகக் கூரை குறைவாக ஒழுகுமா?

நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். நான்காம் ஆண்டு வகுப்பில் மின்விசிறி சுற்றும்போது அலுவலகத்தில் நகலெடுக்கும் இயந்திரத்தைப் போட்டால் மெயின் சுவிட்ச் விழுந்துவிடும். ஆகவே ஆசிரியைகள் பிள்ளைகள் ஓய்வுக்குப் போன நேரம் பார்த்து, விசிறிகளை அடைத்துவிட்டுப் பயிற்சித்தாள் எடுக்கிறார்கள். நல்லுள்ளம் கொண்ட ஒருவர் தந்த கணினிகள் பெட்டி பிரிக்காமல் நூலக மூலையில் இருக்கின்றன. கம்பி மாற்றாமல் அவற்றை இயக்க முடியாது. எல்லாப் பள்ளிக்கும் ஒரே தொகை என்று பிரித்தால் நம் பங்கு கம்பி மாற்றவே போதாது. நல்ல கட்டடம் உள்ள பள்ளிக்கு அதே தொகையில் மேடைத் திரை வந்துவிடும். சமமாகப் பிரிப்பது வேறு, நியாயமாகப் பிரிப்பது வேறு. மகஜரின் சாரம் இதுதான்.

மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி கல்வி கூட்டரசின் (மத்திய அரசின்) பொறுப்பு, நிலம் மாநிலத்தின் பொறுப்பு. கல்வி தன் பொறுப்பில் இல்லாதபோதும் பினாங்கு மாநில அரசு தமிழ்ப்பள்ளிகளுக்கும், சீனப் பள்ளிகளுக்கும், மிஷன் பள்ளிகளுக்கும், மக்கள் நடத்தும் இஸ்லாமிய சமயப் பள்ளிகளுக்கும் நிதி ஒதுக்கி வருகிறது. அதற்கு நம் நன்றி உண்டு. நாம் கேட்பது, அந்த நிதி எந்த அளவுகோலில் பிரிக்கப்படுகிறது, எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போனது என்பதை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பதே. கட்டடத்தின் நிலை, பெற்றோரின் வருமானம், நிலம் யார் பெயரில் இருக்கிறது ஆகிய மூன்றையும் பார்த்துப் பிரிக்க வேண்டும். நிலம் மாநிலத்தின் கையில் இருப்பதால் நிலச் சிக்கலைத் தீர்க்கவும் மாநிலத்தால் உதவ முடியும். பணத்தைவிட அது பெரிய உதவி.

இதில் இனப்போட்டி எதுவும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பக்கத்திலுள்ள சீனப் பள்ளியும் பகுதி உதவிப் பள்ளிதான். அவர்களுக்கு விருந்து வைத்து நிதி திரட்ட வணிகர்கள் இருக்கிறார்கள், நமக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் பங்கைக் குறைக்கச் சொல்லி மகஜரில் ஒரு வரியும் கிடையாது.

1816இல் இதே பினாங்கில் தமிழ் வகுப்பு தொடங்கியது. 2016இல் 200 ஆண்டு என்று கொண்டாடினோம். சுதந்திரத்தின்போது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். பினாங்கில் 28. இந்த 28க்குள்ளேயே மாடிக் கட்டடமும் உண்டு, நம்மைப் போன்ற பலகைச் சுவரும் உண்டு.

மகஜரைக் கொடுத்துவிட்டோம். பெற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது, பதில் வரவில்லை. கொடுக்கப் போன அன்று தலைவரும், பொருளாளரும், ஓய்வு பெற்ற நம் ஆசிரியை ஒருவரும், நானும் மட்டுமே இருந்தோம். வாட்ஸ்அப் குழுவில் ‘அரசாங்கம் என்ன செய்கிறது?’ என்று எழுதியவர்கள் ஒருவரும் வரவில்லை. இதை வருத்தத்தோடுதான் பதிவு செய்கிறேன். உள்ளே இருந்த அதிகாரி முதலில் கேட்டதே, “உங்கள் சங்கத்தில் எத்தனை பேர்?” என்பதுதான். பதிவேட்டிலுள்ள எண்ணிக்கையைச் சொன்னேன். அவர் எங்களுக்குப் பின்னால் காலியாக இருந்த நாற்காலிகளைப் பார்த்தார்.

சந்தா நிலையும் அதேதான். ஆண்டுக்குப் பன்னிரண்டு ரிங்கிட், மாதம் ஒரு ரிங்கிட். பாதிக்கு மேற்பட்டோர் கட்டவில்லை, சிலர் தொடர்ந்து மூன்றாம் ஆண்டாக. நியாயமான பங்கு கேட்டு அரசாங்கத்தின் கதவைத் தட்டும் சங்கம், தன் உறுப்பினரிடமே பங்கைப் பெற முடியாமல் நிற்பது நல்லதல்ல.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாக இருக்கின்றன. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. நகலெடுத்தது, பெட்ரோல் ஆகிய செலவுகளைச் செயலவை ஏற்றுக்கொண்டது.

தலைமையாசிரியருக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும், திடலுக்குக் கூடாரம் தந்து உதவிய கோவில் நிர்வாகத்துக்கும், கணக்காய்வாளர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும் முன்பே சட்டமன்ற உறுப்பினரை மீண்டும் சந்திக்க வேண்டும். இந்தப் பொறுப்பை ஏற்க இளையவர் யாராவது முன்வந்தால் கோப்பு முழுவதையும் ஒப்படைத்து உடன் நிற்பேன். யாரும் வராவிட்டால் தொடர்கிறேன். ஆனால் தனியாகப் போய் அந்த அறையில் உட்கார இனி எனக்கு மனமில்லை. உடன் வர விரும்புவோர் பெயர் எழுத ஒரு தாளை முன் மேசையில் வைத்திருக்கிறேன். பொருளாளர் கூட்டம் முடியும்வரை ரசீதுப் புத்தகத்துடன் வாசலில் இருப்பார்.

நன்றி. வணக்கம்.

செயலாளர்